கொடிமரத்தைத் தாண்டாத நாயகம்

"அண்ணாச்சி, ஒங்க சேக்காளி நம்மள விட்டுட்டுப் போயிட்டாவ."

பாளையங்கோட்டை வீட்டு மொட்டை மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தபோது இந்தப் போன் வந்தது. நான் ஈரத் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு, "யாரு?" என்று கேட்டேன். எனக்குச் சிநேகிதர் என்று இருந்ததே அந்த ஒரு சேக்காளிதான். அவருடைய மனைவி உலகம்மாள் பேசுகிறாள். நான் யாரு என்று கேட்கிறேன். "தூக்கத்துலயே போயிட்டாவ அண்ணாச்சி. காப்பியக் கொண்டுபோயி எழுப்புதேன், எந்திரிக்கல" என்றாள். எனக்கு முதலில் வந்தது அழுகை இல்லை, கோபம். கோமதிநாயகம் சொல்லாமல் கொள்ளாமல் எங்கேயும் போகிற ஆள் இல்லை. கோர்ட்டில் அரை நாள் லீவு போடுவதென்றாலும் முந்தின நாளே நாலு பேரிடம் சொல்லிவைத்துவிட்டுத்தான் போவார்.

திருநெல்வேலியிலிருந்து சங்கரன்கோவில் போகிற பஸ் பனவடலிசத்திரத்தைத் தாண்டித்தான் போகும். அது என் சொந்த ஊர். எப்போது தாண்டினாலும் எட்டிப் பார்ப்பேன். அன்றைக்கு ஊர் வந்ததும் தெரியவில்லை, போனதும் தெரியவில்லை.

துட்டி வீட்டுத் தெருவில் பந்தல் போட்டு, பிளாஸ்டிக் நாற்காலிகள் போட்டிருந்தார்கள். இதைப் படிக்கிற நம் பழைய கோர்ட் ஆபீஸ்காரர்கள், நீங்கள் பாதிப் பேர் அங்கே இருந்தீர்கள். நாயகம் நல்லவர், வல்லவர் என்றெல்லாம் பேச்சு நடந்தது. பிறகு எனக்குப் பின்வரிசையில் ஒருவர் குரலைத் தாழ்த்தினார். தாழ்த்துவதாக அவருக்கு நினைப்பு, தெருமுனை வரை கேட்டது. "எல்லாஞ் சரிதான் வே. கோயிலுக்குப் பூக்கட்டுத குடும்பத்துல பெறந்தவன், முப்பது வருசத்துக்கு மேல அம்மன் மொகத்தப் பாக்காம கொடிமரத்தோட திரும்பியிருக்கான். சும்மாவா? உள்ள எதுலயோ கை வச்சிருக்கான். அதான் பயம்." பக்கத்தில் இருந்தவர், "அப்படித்தான் பேசிக்கிடுதாவ" என்றார். எழுந்து நின்றுவிட்டேன். சாவு வீட்டில் வைத்து என்ன சண்டை போட? திரும்ப உட்கார்ந்துகொண்டேன். சொன்னவர் யார் என்று எழுத மாட்டேன். அவருக்குத் தெரியும்.

நம் ஓய்வூதியர் சங்க மலருக்கு நாயகத்தைப் பற்றி ஒரு பக்கம் எழுதித் தரும்படி செயலாளர் கேட்டபோது மாட்டேன் என்றுதான் சொன்னேன். அந்தப் பின்வரிசைப் பேச்சு மட்டும் காதை விட்டுப் போகவில்லை. அதனால் எழுதுகிறேன், ஒரு பக்கத்தில் அடங்காது. இதைப் படிக்கிற எல்லோருக்கும் அவரைத் தெரியும். அவர் ஏன் கொடிமரத்தைத் தாண்டவில்லை என்பது மட்டும் தெரியாது. அது என்னால் வந்தது. அதைச் சொல்வதானால் நான் எப்படிப்பட்ட ஆள் என்பதையும் சொல்லியாக வேண்டும். சொல்லிவிடுகிறேன். அதற்குப் பிறகு பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார இஷ்டமில்லாதவர்கள் உட்கார வேண்டாம். எனக்கும் இடம் தாராளமாகக் கிடைக்கும்.

சங்கரன்கோவில் கோர்ட்டில் அவர் பெஞ்ச் கிளார்க், நான் டைப்பிஸ்ட். விடிந்ததும் கோயில் வாசலில் அவருடைய அண்ணன் பூக்கடையில் உட்கார்ந்து மாலை கட்டிவிட்டு, பத்து மணிக்குச் சட்டையை மாட்டிக்கொண்டு வருவார். ஆபீசில் அவர் கை எப்போதும் பச்சைக் கறையாகத்தான் இருக்கும். சாட்சிக் கூண்டில் ஏறுகிறவர்களிடம் சத்தியம் வாங்குவது அவர் பொறுப்பு. மற்ற கோர்ட்டுகளில் இதைக் கடகடவென்று ஒப்பித்துவிட்டுப் போவார்கள். நாயகம் விட மாட்டார். "சாமி பேரச் சொல்லுதீரு, பைய சொல்லும், பஸ்ஸா போகுது?" என்பார். ஒருமுறை மேலநீலிதநல்லூர்ப் பக்கத்து ஆட்டுக்காரர் ஒருவர் சாட்சி சொல்ல வந்தார். நாயகம் நிறுத்தி நிறுத்திச் சத்தியம் வாங்கியதில் அந்த மனிதர் மிரண்டுபோய், "எய்யா, அப்பம் வக்கீலய்யா சொல்லிக் குடுத்ததச் சொல்லணுமா, நடந்ததச் சொல்லணுமா?" என்று அவரிடமே கேட்டுவிட்டார். கோர்ட்டே சிரித்தது. நாயகம் மட்டும் சிரிக்கவில்லை. "நடந்ததச் சொல்லும் அண்ணாச்சி" என்றார்.

அப்படிப்பட்ட மனிதரிடம்தான் நான் போய்ச் சொன்னேன்.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. எனக்கு முப்பது வயது தாண்டியிருந்தது. அய்யா காலமாகிவிட்டார். அம்மையின் தம்பி மகள் கனகு, அவள் தொட்டிலில் கிடந்தபோதே எனக்கு என்று பேசிவைத்த பெண். எங்கள் வீடுகளில் அப்படிப் பேசிவைத்தது பேசிவைத்ததுதான். மாமா ஒவ்வொரு அறுவடைக்கும் நாள் குறிக்க வருவார். நான் ஒவ்வொரு தடவையும் டிபார்ட்மென்ட் பரீட்சை இருக்கிறது என்பேன். எத்தனை பரீட்சைதான் எழுத முடியும்?

எனக்குப் பெண்கள் மேல் ஆசை வந்ததில்லை. ஆண்கள் மேல்தான் வந்தது. நினைவு தெரிந்த நாள் முதல் அப்படித்தான். இன்றைக்குத் தன்பாலீர்ப்பு என்று பத்திரிகையில் அச்சடிக்கிறார்கள். எங்கள் பக்கம் அப்போது அதற்கு இருந்த வார்த்தைகள் எல்லாம் வசவு. எனக்குத் தெரிந்த ஒரே மரியாதையான பெயர், அதைக் குற்றம் என்று சொன்ன சட்டப் பிரிவின் எண்தான். அந்தச் சட்டப் புத்தகம் என் டைப்ரைட்டருக்கு எதிரே இருந்த அலமாரியில்தான் இருந்தது. தினமும் அதைப் பார்த்துக்கொண்டே வேலை பார்த்தேன்.

வக்கீல்கள் கோர்ட்டைப் புறக்கணித்த ஒரு நாள். ஹாலில் ஆளில்லை. நாயகம் தரையில் சம்மணம் போட்டு, கோணி ஊசியால் கேஸ் கட்டுகளைத் தைத்துக்கொண்டிருந்தார். நான் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"நாயகம், எனக்குக் கல்யாணம் வேண்டாம் வே."

"எல்லாவனும் இப்படித்தான் சொல்லுதான். பெறகு வருசத்துக்கு ஒண்ணு பெத்துப் போடுதான்."

"வெளையாடல வே. என்னால முடியாது."

அவர் ஊசியை நிறுத்தினார். அக்கம்பக்கம் பார்த்தார். "தென்காசில ஒரு வைத்தியர் இருக்காரு. லேகியம் தருவாரு. எங்க மச்சினனே வாங்கித் தின்னுருக்கான். இப்பம் ரெண்டு பிள்ள" என்றார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது.

"லேகியத்துல தீராது நாயகம். எனக்குப் பொம்பளைய மேல ஆசை வராது. ஆம்பளைய மேலதான் வரும். சின்னதுலருந்தே இப்படித்தான். ஒம்மகிட்டதான் மொத மொத சொல்லுதேன்."

அவர் என்னைப் பார்த்தார். ஊசியைக் கட்டில் குத்திவைத்தார். "சரி வே" என்று எழுந்து போய்விட்டார். வெளியே அவர் சைக்கிள் ஸ்டாண்டை எடுக்கிற சத்தம் கேட்டது.

அதற்கடுத்த இரண்டு மூன்று நாட்கள் நான் பட்ட பாடு என் பகையாளிக்கும் வேண்டாம். நாயகம் வந்தார், வேலை பார்த்தார், போனார். என்னிடம் ஒரு வார்த்தை இல்லை. ஹாலில் யார் சிரித்தாலும் என்னைத்தான் சிரிக்கிறார்கள் என்று பட்டது. வேலை போகும், அம்மை காதுக்குப் போகும், மாமா அரிவாளோடு வருவார் என்று பயந்து, வாதியைப் பிரதிவாதி என்று டைப் அடித்து, ஜட்ஜிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

ஒரு மத்தியானம் எல்லோரும் சாப்பிடப் போன பிறகு நாயகம் வந்து என் மேஜையில் சாய்ந்து நின்றார். "கோவம்லாம் இல்ல வே. என்ன பேசணும்னு தெரியல. தெரியாம எதையாவது ஒளறி ஒம்ம மனச ஒடிச்சிரப்பிடாதுன்னுதான் வாய மூடிக்கிட்டு இருந்தேன்" என்றார். அவரே தொடர்ந்தார். "யோசிச்சுப் பாத்தேன். நீரு சொல்லுததுக்கு முந்தின நாளு எப்படி இருந்தீரோ, இப்பமும் அப்படித்தான் இருக்கீரு. பெறகு நான் மட்டும் எதுக்கு மாறணும்?" அதோடு நிறுத்தவில்லை. "அது கெடக்கட்டும். அந்தப் பிள்ள கனகுவ என்ன செய்யப் போறீரு? அதுக்கும் ஒரு மனசு இருக்குல்லா?"

அதுவரை நான் என் பாட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தப் பெண்ணைப் பற்றி முதலில் கவலைப்பட்டவர் நாயகம்தான்.

முறைப்பெண்ணுக்கு எங்கள் வீட்டில் ஜாதகம் பார்ப்பதில்லை. மனசில் குழப்பம் இருந்தால் கோமதியம்மன் சன்னதியில் பூக்கட்டிப் பார்ப்பார்கள். ஒரு பொட்டலத்தில் வெள்ளைப் பூ, இன்னொன்றில் சிவப்பு. வாழையிலையில் சுற்றி நாரால் கட்டி அம்மன் முன்னால் வைத்து, கும்பிட்டு ஒன்றை எடுப்பது. வெள்ளை வந்தால் சம்மதம், சிவப்பு வந்தால் வேண்டாம். நான் பிடிகொடுக்காமலே நழுவிக்கொண்டிருந்ததில் அம்மைக்குச் சந்தேகம் வந்துவிட்டது. "நீயும் சொல்லாண்டாம், நானும் சொல்லாண்டாம். அம்மன் சொல்லட்டும்லே" என்று ஒரு வெள்ளிக்கிழமை குறித்தாள். வெள்ளை வந்தால் கனகு கழுத்தில் தாலி கட்டுவதாக நானும் ஒப்புக்கொண்டேன். பாதிக்குப் பாதி தப்பிக்க வழி இருக்கிறதே என்ற ஆசைதான். வெள்ளை வந்தால் என்ன செய்வது என்று வேறொன்றும் யோசித்து வைத்திருந்தேன். என்ன என்று எழுத வேண்டாம், உங்களுக்கே புரியும். நாயகத்திடம் மட்டும் ஒரு வார்த்தை சொல்லியிருந்தேன்.

பொட்டலம் கட்டுகிறவர் எந்தப் பக்கத்துக்கும் சாயாதவராக இருக்க வேண்டும். ஊரில் பாதிப் பேர் அதற்கு நாயகத்திடம்தான் வருவார்கள். கோர்ட்டில் சத்தியம் வாங்குகிற கை அல்லவா! அவர் என் சேக்காளி என்று தெரிந்தும் அம்மை, "ஏய்யா நாயகம், நீயே கட்டித் தாப்பா" என்றாள். அவர் கடைக்குள்ளே திரும்பி உட்கார்ந்து கட்டிக் கொண்டுவந்தார். இரண்டையும் அம்மன் முன்னால் வைத்தது அர்ச்சகர். மாமா, என் அண்ணன், நாயகம், நான் எல்லோரும் நிற்கிறோம். அம்மை கண்ணை மூடிக் கும்பிட்டு ஒன்றை எடுத்தாள். நார் சிக்கிக்கொண்டது. பல்லால் கடித்துப் பிரித்தாள். சிவப்பு அரளி.

"தாயே, வேண்டாம்னுட்டியே" என்று அம்மை அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். நான் தூணைப் பிடித்துக்கொண்டேன்.

மாமா லேசில் விடுகிற ஆள் இல்லை. "அந்தப் பொட்டலத்தயும் பிரிங்க தம்பி. உள்ள வெள்ள இருக்கா இல்லியான்னு பாத்திருவோம்" என்றார். நாயகத்தின் முகம் செத்துப்போயிற்று. ஆனால் குரல் தடுமாறவில்லை. "பிரிக்கப்பிடாது அண்ணாச்சி. அம்மன் வாக்குச் சொன்ன பெறகு மத்ததப் பிரிச்சா அவள நம்பலன்னு அர்த்தம். எங்க தாத்தா காலத்துல ஒருத்தரு இப்படித்தான் பிரிச்சிப் பாத்தாரு. கண்ணு ரெண்டும் அவிஞ்சு போச்சு." மாமா நீட்டிய கையைப் பின்னால் இழுத்துக்கொண்டார். நாயகம் அந்தப் பொட்டலத்தை எடுத்து மடியில் செருகிக்கொண்டு, "கோர்ட்டுக்கு நேரமாச்சு" என்று கிளம்பிவிட்டார்.

அவருடைய தாத்தா காலத்தில் யாருக்கும் கண் அவியவில்லை. அந்த நிமிஷத்தில் அவர் வாயில் வந்தது அது. ஆனால் நம் ஊரின் கூத்தைப் பாருங்கள். சில வருஷம் கழித்து நான் கோயில் வாசலில் நிற்கிறேன். ஒரு பூக்கடைக்காரப் பெண் வெளியூர் ஆட்களிடம், "ரெண்டாவது பொட்டலத்தப் பிரிக்கக் கூடாதும்மா. காலங்காலமா உள்ள வழக்கம். பிரிச்சா கண்ணு போயிரும்" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். நாயகத்திடம் வந்து சொன்னேன். தலையில் அடித்துக்கொண்டார். "ஒரு பொய்ய ஒழுங்கா ஒரு எடத்துல வைக்க விடுதாவளா வே இந்த ஊர்க்காரனுவ" என்றார். ஏன் அந்தப் பொய்யைச் சொன்னார் என்று அப்போது எனக்குப் புரியவில்லை.

கனகுவுக்கு அடுத்த தையிலேயே கல்யாணம் ஆயிற்று. மாப்பிள்ளை வாத்தியார். ஒரு விசேஷ வீட்டில் என்னைப் பார்த்து, "அத்தான், அம்மன் எனக்கு நல்லதுதான் செஞ்சா" என்று சிரித்தாள். நான் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் கோயிலுக்குப் போக ஆரம்பித்தேன். உலகத்திலேயே என்னைத் தெரிந்து, என்னை இப்படியே விட்டுவிடு என்று சொன்னவள் அந்த அம்மன் ஒருத்திதான் என்று நினைத்தேன். அழுது கும்பிட்டேன். நாயகமும் உலகம்மாளும் வெள்ளிக்கிழமைதோறும் வருவார்கள். அவர் கொடிமரத்தோடு நின்றுகொள்வார். அவள் மட்டும் உள்ளே போய்விட்டு வந்து குங்குமத்தைக் கொடுப்பாள். கண்ணில் ஒற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொள்வார். நெற்றியில் இட மாட்டார். அந்த வெள்ளிக்கிழமையோடு பூக்கட்டிக் கொடுப்பதையும் நிறுத்திவிட்டார். கேட்டு வந்தவர்களை அண்ணனிடம் அனுப்பிவிடுவார். நீங்கள் எல்லோரும் அவரைக் கிண்டலடித்திருக்கிறீர்கள். நானும் அடித்திருக்கிறேன். "என்னவே, அம்மன்கூட கோவமா? வாய்தா எப்பம்?" என்பேன். "கேஸ் பெண்டிங்குல கெடக்கு வே" என்பார்.

கடையநல்லூர்க்காரர் ஒருவரோடு எனக்குச் சில வருஷம் பழக்கம் இருந்தது. பெயர் வேண்டாம், அவர் பிள்ளைகள் நன்றாக இருக்கிறார்கள். பழக்கம் என்று எழுதுகிறேன் பாருங்கள், இந்த வயதிலும் கை கூசுகிறது. காதல்தான். அவர் கல்யாணம் முடித்து வளைகுடாவுக்கு விமானம் ஏறியபோது எனக்குச் சோறு இறங்கவில்லை. ஒரு பெண்டாட்டி ஓடிப்போனால் ஊரே வந்து ஆறுதல் சொல்லும். நான் யாரிடம் போய் அழ? நாயகம் என்னைக் கையைப் பிடித்து அவர் வீட்டுக்குக் கூட்டிப்போனார். உலகம்மாளிடம், "இவருக்கு ஒரு துட்டி. என்னன்னு கேக்காத. சோத்த மட்டும் போடு" என்றார். அவள் கேட்கவில்லை. ஒரு வாரத்துக்கு மேல் அந்த வீட்டில் சாப்பிட்டேன். தட்டில் கண்ணீர் விழும். இரண்டு பேரும் பார்க்காதது மாதிரி, மழை பெய்யுமா, தக்காளி என்ன விலை என்று பேசிக்கொண்டிருப்பார்கள்.

பிறகு அம்மை இறந்தாள். காரியம் எல்லாம் முடிந்து தெப்பக்குளத்துப் படியில் உட்கார்ந்திருந்தோம். "அம்மை போயிட்டா. இனிமே எனக்கு அம்மன்தான் வே. அன்னைக்கு அவ மட்டும் சொல்லலன்னா நான் என்ன ஆயிருப்பேன்" என்றேன். நாயகம் என் பக்கம் திரும்பினார்.

"அவ சொல்லல வே. நான்தான் சொன்னேன். ரெண்டுலயும் செவப்புத்தான் வச்சிருந்தேன். ஒம்ம அம்மை இருக்கமுட்டும் வாயத் தொறக்கப்பிடாதுன்னு இருந்தேன்."

எனக்கு நன்றி சொல்லத் தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை. "எதுக்குவே இப்பம் சொன்னீரு?" என்று கத்தினேன். இத்தனை வருஷம் எனக்கு ஒரு தெய்வம் பேசியிருந்தது. அதையும் பிடுங்கிக்கொண்டாரே என்று ஆத்திரம். "பொய்யக் கும்பிட்டுக்கிட்டு இருக்கீரே, பாத்துக்கிட்டு எப்படி வே இருக்க?" என்றார். ஏழெட்டு மாதம் அவரோடு பேசவில்லை. அந்த ஏழெட்டு மாதமும் அவர் ஞாயிற்றுக்கிழமைதோறும் என் வீட்டுக்கு வந்து, பேப்பரை எடுத்து வாசித்துவிட்டு, "வாரேன்" என்று சொல்லிவிட்டுப் போவார். கடைசியில் எனக்கே சிரிப்பு வந்து, "காப்பி குடிச்சிட்டுப் போம்" என்றேன்.

அன்றைக்குத்தான் கொடிமரத்தைப் பற்றிக் கேட்டேன். "பொய் சொன்னா சாமி கண்ணக் குத்தும்னு சொல்லுதாவ. அவ குத்த மாட்டா வே. அவ பாட்டுக்கு இருப்பா. நமக்குத்தான் அவ மொகத்தப் பாக்க முடியாது" என்றார். எனக்குத் தாங்கவில்லை. எனக்காக ஒரு மனிதர், தான் பிறந்ததிலிருந்து கும்பிட்ட தெய்வத்தைப் பார்க்காமல் இருக்கிறார். "ஒரு தடவ உள்ள போயி மன்னிப்புக் கேட்டுட்டு வாரும்வே. அவ தாய்தான்" என்று கெஞ்சினேன். நாயகம் தலையாட்டினார். "மன்னிப்புக் கேக்கணும்னா இனிமே செய்ய மாட்டேன்னு சொல்லணும்லா? நான் திருப்பியும் செய்வேன். நாளைக்கே ஒமக்கு இப்படி ஒண்ணுன்னா நாளைக்கே செய்வேன். அத மனசுல வச்சிக்கிட்டு அவ முன்னால போயி எப்படி வே நிக்க?"

நான் எழுந்து போய் அவருக்கு இன்னொரு காப்பி போட்டேன்.

உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டப் பிரிவை விசாரித்து, இனி இது குற்றமில்லை என்று தீர்ப்புச் சொன்ன அன்று எனக்கு வந்த ஒரே போன் அவருடையது. இரண்டு பேருமே ரிட்டயர் ஆகியிருந்தோம். "என்னவே, டிவி பாத்தீரா? ஜட்ஜுமாரு இத்தன வருசம் ஆர்கியுமென்ட் கேட்டு இப்பம்தான் கண்டுபிடிச்சிருக்காவ. எனக்கு மூணு நாள்ல வெளங்கிருச்சு" என்றார். சிரித்தேன். சிரித்துக்கொண்டே அழுதேன். அந்தப் பக்கமும் மூக்கு உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. "சளி பிடிச்சிருக்கு வே" என்று வைத்துவிட்டார்.

பதினாறாம் நாள் காரியத்துக்குப் போயிருந்தேன். சாப்பாடு முடிந்து சொந்தக்காரர்கள் கிளம்பிவிட்டார்கள். உலகம்மாள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். பின்வரிசைப் பேச்சு அவள் காதுக்கும் போயிருந்தது.

"அண்ணாச்சி, ஊர்ல என்னென்னமோ பேசுதாவ. அவுக கோயில்ல எதும் தப்புத்தண்டா பண்ணினாவளா? ஒங்களுக்குத் தெரியாம இருக்காது. நான் எத்தன தடவ கேட்டுப் பாத்துட்டேன். எனக்கும் அம்மனுக்கும் ஒரு கணக்கு, நீ போயிட்டு வான்னு சொல்லிருவாவ."

நாயகம் இருந்தவரை, என்னைத் தெரிந்தவர் ஒருவர் இருக்கிறார், போதும் என்று இருந்தேன். எனக்கு எந்தத் துக்கம் வந்தாலும் அவரிடம்தான் சொல்வேன். நாயகம் செத்த துக்கத்தையும் நாயகத்திடம்தான் சொல்ல வேண்டியிருக்கிறது, அதற்கு அவர் இல்லை. உலகம்மாள் முகத்தைப் பார்த்தேன். முதல் தடவை கோர்ட் ஹாலில் நாயகத்திடம் சொன்னபோது இருந்த பயம் இப்போதும் இருந்தது. ஆனாலும் சொன்னேன். நான் எப்படிப்பட்டவன், கனகு, பூ, இரண்டிலும் சிவப்பு, எல்லாம்.

என்னை அருவருத்துப் பார்க்கிறாளா என்று பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவே இல்லை, மாலை போட்ட படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள்.

"பாவி மனுசன், எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருந்தா நானும் அவுககூட வெளியவே நின்னிருப்பேனே அண்ணாச்சி. வெள்ளிக்கு வெள்ளி நான் மட்டும் உள்ள போயி, தாயே, எங்க வீட்டுக்காரருக்கு நல்ல புத்தியக் குடுன்னுல்லா வேண்டிக்கிட்டு வந்தேன்."

அதற்கு நானும் அழுதேன். கொஞ்ச நேரம் கழித்து அவளே எழுந்து போய், "இருங்க, காப்பி போடுதேன்" என்றாள். இதை மலரில் எழுதட்டுமா என்று கேட்டேன். "எழுதுங்க. ஒங்களுக்குச் சம்மதம்னா எழுதுங்க. அவுக பேரு கெட்டுப் போகாண்டாம்" என்றாள்.

சம்மதம்தான். எனக்கு அறுபது தாண்டிவிட்டது. தலையில் முடியில்லை. மாடிப்படி ஏறினால் முட்டி வலிக்கிறது. சர்க்கரை இல்லாமல் காப்பி குடிக்கிறேன். கிழவனாகிவிட்டேன். அந்த வெள்ளிக்கிழமை வெள்ளைப் பூ வந்திருந்தால் இந்தக் கிழவன் இல்லை, கனகுவின் பேரன் பேத்திகளும் இல்லை. நாயகத்திடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது இதுதான், இந்த முட்டி வலி உட்பட ஒரு முழு ஆயுசு. அதற்கு ஈடாக அவர் தன் அம்மனை விட்டுக்கொடுத்தார். யாரிடமும் சொல்லிக் காட்டாமல் வெளியே நின்றார்.

அவர் எதையும் திருடவில்லை. இனி யாராவது, அந்த பெஞ்ச் கிளார்க் நாயகம் ஏன் கடைசி வரை உள்ளே போகவில்லை என்று கேட்டால், டைப்பிஸ்ட் சுப்பையாவுக்காக என்று சொல்லுங்கள். ஏன் என்று கேட்டால் அதையும் சொல்லுங்கள். என் பெயரை மறைக்க வேண்டாம்.